ஃபான்ட் பட்டியலில் மார்ட்டின்

பக்கம் கட்டுகிற வேலையில் இருப்பவர்கள் ஒரு நாளில் அதிகம் திறந்து பார்ப்பது ஃபான்ட் பட்டியலைத்தான். கரமாண்ட், பாஸ்கர்வில், பொடோனி, கில் சான்ஸ், ஃப்ருட்டிகர் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். இவை எல்லாம் ஆட்களின் பெயர்கள் என்பது பழக்கத்தில் மறந்தே போய்விடுகிறது. கிளாட் கரமாண்ட் 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் எழுத்து வெட்டியவர். ஜான் பாஸ்கர்வில் 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் அச்சகம் வைத்திருந்தவர். பொடோனி இத்தாலியின் பார்மா நகரத்தில் அச்சு வேலை செய்தவர், ஃப்ருட்டிகர் சுவிட்சர்லாந்துக்காரர். இன்னும் பத்துப் பெயர் சேர்த்துப் பாருங்கள், அநேகமாக அத்தனை பேரும் ஐரோப்பிய ஆண்களாகத்தான் இருப்பார்கள். எரிக் கில் என்கிற ஆங்கிலேயச் சிற்பி பெற்ற மகள்களையே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர் என்பது 1989-ல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழியாக உலகத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் பெயர் தாங்கிய எழுத்தைத்தான் குழந்தைகளுக்காக இயங்கும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு பல வருடங்கள் பயன்படுத்தியது. 2022-ல்தான் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

அந்தப் பட்டியலுக்குள் மார்ட்டின், பேயார்ட், கேரி, மார்ஷா, ரூபென் என்கிற பெயர்களைக் கொண்டுவந்து வைத்தவர் ஒருவர் இருக்கிறார். ட்ரே சீல்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின வடிவமைப்பாளர். 2016-ல் 'வோக்கல் டைப்' என்று ஓர் எழுத்துரு நிறுவனம் தொடங்கினார். வாஷிங்டனுக்குத் தெற்கே ஆக்கோகீக் என்ற ஊரில் அவர் குடும்பத்திடம் தலைமுறைகளாக இருந்துவரும் பண்ணையில்தான் அவருடைய ஸ்டூடியோ இருக்கிறது. போராட்டங்களில் மக்கள் தூக்கிப்பிடித்த அட்டை, பதாகை, பழைய பெயர்ப்பலகை ஆகியவற்றிலிருந்து எழுத்தை எடுத்து முழு எழுத்துருவாக ஆக்கி, அந்தப் போராட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவரின் பெயரை வைத்து விற்பதுதான் அவர் தொழில். சில மாதங்களாக நான் அவர் வேலைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து வடிவத்தை வைத்து அரசியல் பேசியவர்கள் அவருக்கு முன்னாலும் நிறைய உண்டு. இவர் பேசுகிற முறை வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சீல்ஸ் 2015-ல் ஸ்டீவன்சன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து வேலைக்குப் போனார். ஒரு வாடிக்கையாளருக்காக இணையத்தில் மாதிரிகளைத் தேடியபோது எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி இருந்ததாகச் சொல்கிறார். அதே மெலிந்த எழுத்து, அதே வெள்ளை இடைவெளி, அதே அடுக்கு. ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஷெரில் மில்லர் 1987-ல் 'பிரின்ட்' பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரை அவருக்குக் கிடைத்தது. கறுப்பின வடிவமைப்பாளர்கள் எங்கே காணாமல் போனார்கள் என்று கேட்ட கட்டுரை. மில்லர் பிராட் கல்லூரியில் செய்த ஆய்வேட்டிலிருந்து பிறந்தது அது. கட்டுரை வந்து முப்பது வருடம் ஆகியும் அமெரிக்க வடிவமைப்பாளர்களில் கறுப்பர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான், மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்கிற கணக்கையும் சீல்ஸ் பார்த்தார். வரைகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தால் வரைந்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. ஆட்களின் எண்ணிக்கையை அவரால் உடனே மாற்ற முடியாது. அவர்கள் கையிலிருக்கும் கருவியை மாற்றலாம் அல்லவா?

அப்படி வந்த முதல் எழுத்துரு 'மார்ட்டின்'. அதன் கதை மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு குப்பை லாரியில் தொடங்குகிறது.

1968 பிப்ரவரி 1, மழை நாள். எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் லாரியின் பின்புறம், குப்பையை நசுக்கும் பகுதிக்குள் ஏறி நின்றார்கள். இயந்திரம் பழுதாகித் தானே ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் உள்ளேயே நசுங்கிச் செத்தார்கள். அந்த லாரிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் ஈமச்செலவுக்கு 500 டாலரும். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. முழுநேரம் வேலை பார்த்தும் அரசு உதவி வாங்கித்தான் குடும்பம் நடத்த முடியும் என்கிற அளவில் இருந்தது பலருடைய கூலி. மேயர் ஹென்றி லோப் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்.

போராட்டக்காரர்கள் தினமும் கூடிய இடம் கிளேபார்ன் டெம்பிள் என்கிற தேவாலயம். அதன் போதகர் மால்கம் பிளாக்பர்னிடம் ஓர் அச்சு இயந்திரம் இருந்தது. மார்ச் கடைசியில் நடந்த பேரணிக்கு அங்கேதான் அந்த அட்டைகள் அச்சாயின. 'ஐ ஆம் எ மேன்', நான் ஒரு மனிதன், அவ்வளவுதான் வாசகம். தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான வில்லியம் லூசிக்கு இந்த வாசகத்தில் பங்குண்டு. பேரன் பேத்தி எடுத்த கறுப்பின ஆண்களைக்கூட வெள்ளை மேஸ்திரிகள் 'பையா' என்று கூப்பிட்ட ஊரில் இந்த வரிக்கு இருந்த கனம் நமக்கும் புரியும். நம் தெருக்களிலும் வயதில் மூத்தவரை 'டேய்' என்று கூப்பிட்ட வாய்கள் உண்டு, கூப்பிடப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த அட்டையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், இரண்டே வரிதான். மேல் வரியில் 'ஐ ஆம்', கீழ் வரியில் 'எ மேன்'. எல்லாம் பெரிய எழுத்து. கால் முனைகளில் கொக்கி, நீட்டல் எதுவும் கிடையாது. கோடுகள் தடிமனாக, அட்டையின் ஓரம்வரை இடத்தை அடைத்து நிற்கின்றன. 'ஆம்' என்கிற சொல்லுக்குக் கீழே மட்டும் தடித்த கோடு ஒன்று. மனிதன் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தால் அது விளக்கமாகப் போயிருக்கும். 'ஆக இருக்கிறேன்' என்பதற்குக் கீழே போட்டதால் அது பதிலாகிவிட்டது. இல்லை என்று எதிரே நின்று ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதில். வடிவமைப்பு என்றால் என்னவென்று இளைஞர்கள் யாராவது கேட்டால் நான் அந்த ஒரு கோட்டைத்தான் காட்டுவேன்.

மார்ச் 29 அன்று எடுத்த படங்கள் இன்னும் கலங்க வைக்கின்றன. நடைபாதையில் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள், எல்லார் கழுத்திலும் அதே அட்டை. ஒரு பக்கம் துப்பாக்கியில் குத்துவாள் செருகிய தேசியக் காவல்படை, இன்னொரு பக்கம் டாங்கிகள். அச்சிட்ட அட்டை என்பதால்தான் அந்தக் காட்சிக்கு அப்படி ஒரு வலு. கையால் எழுதியிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதனின் குரலாக இருந்திருக்கும். ஒரே எழுத்து, ஒரே அளவு, நூற்றுக்கணக்கான மார்பில் என்னும்போது ஒவ்வொருவரும் 'நான்' என்று சொல்ல, அது 'நாங்கள்' என்று கேட்கிறது. ஏப்ரல் 4 அன்று, இந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங்கை அதே ஊரில் லொரெயின் மோட்டல் மாடியில் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 16-ல் நகராட்சி இறங்கி வந்தது. சங்கத்தை அங்கீகரித்தது.

சீல்ஸ் செய்த வேலைக்கு இப்போது வருகிறேன். 'ஐ ஆம் எ மேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அதில் வேறுவேறான எழுத்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நான்கே நான்கு. ஐ, ஏ, எம், என். மொத்த நெடுங்கணக்கு 26. ஆக, மிச்சம் 22 எழுத்துக்கு அந்த அட்டையில் ஆதாரமே கிடையாது. எண்களும் நிறுத்தக் குறிகளும் தனி. கிங் கொல்லப்பட்டதும் ஏப்ரல் 8 அன்று அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் தலைமையில் மெம்ஃபிஸில் மௌன ஊர்வலம் போனது. அதில் கிங்கைப் போற்றி, இனவெறியை ஒழிக்கச் சொல்லி, சங்கத்துக்கு நீதி கேட்டு வேறு அட்டைகளும் வந்தன. அந்தப் படங்களில் இன்னும் சில எழுத்துகள் கிடைக்கும். மற்றவற்றை வரைகிறவர் அனுமானிக்க வேண்டும். 'எம்' எழுத்தின் நடுக்கோணம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, 'ஏ'யின் குறுக்குக்கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது, உள்ளே எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறது, இவற்றைப் பார்த்து, இதே கை 'எஸ்' போட்டிருந்தால் எப்படிப் போட்டிருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நேர்க்கோடுகளால் ஆன நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு வளைவான எழுத்துகளை ஊகிப்பதில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்பது ஃபான்ட் வரைந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ஒவ்வோர் எழுத்து ஜோடிக்கும் நடுவில் இடைவெளி சரி பார்க்கிற வேலை இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் இது சலிப்பான கைவேலை. போராட்டக்காரர்கள் சொல்லாமல் விட்டதை அவர்கள் எழுத்திலேயே சொல்ல வழி செய்துகொடுக்கிற வேலையும் இதுதான்.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் போஸ்டர் அடிக்கப் பயன்பட்ட பெரிய மர எழுத்துகள் போராட்டத்துக்காகப் பிறந்தவை அல்ல. விஸ்கான்சினில் ஹாமில்டன் கம்பெனி போன்றவர்கள் மேப்பிள் மரத்தில் வெட்டி ஊர் ஊராக விற்றார்கள். சர்க்கஸ், தள்ளுபடி விற்பனை, குத்துச்சண்டை, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் அதே எழுத்துதான். ஏழைகளிடம் சொந்தமாக எழுத்து இருந்ததில்லை. கையில் கிடைத்ததை எடுத்துத் தங்கள் வாசகத்தை அடுக்கினார்கள். அதனால் மார்ட்டின் எழுத்துருவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று யாராவது கோபப்பட்டால், அந்த எழுத்தின் வம்சமே விளம்பரத்திலிருந்து வந்ததுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. விளம்பரத்திலிருந்து போராட்டத்துக்குப் போனபோது அதற்குப் பெயரில்லை. திரும்பி வரும்போது ஒரு மனிதனின் பெயரோடு வருகிறது.

பெயர் வைக்கிற விஷயத்தில் சீல்ஸ் காட்டுகிற நிதானம் எனக்குப் பிடிக்கும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் வேலைக்காகவும் விடுதலைக்காகவும் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். கிங்கின் புகழ்பெற்ற உரை அங்கேதான். அந்தப் பேரணியின் அட்டைகளையும் சீல்ஸ் எழுத்துருவாக்கினார், ஆனால் அதற்குக் கிங்கின் பெயரை வைக்கவில்லை. பேயார்ட் ரஸ்டினின் பெயரை வைத்தார். பேருந்து, குடிநீர், கழிப்பறை, உணவு, ஒலிபெருக்கி என்று அந்தப் பேரணியின் ஒவ்வோர் ஏற்பாட்டையும் செய்து முடித்தவர் ரஸ்டின். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே அவரைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். செனட் சபையில் ஸ்ட்ராம் தர்மண்ட் எழுந்து அவரைப் பெயர் சொல்லித் தாக்கினார். அன்றைக்கு எந்த வாசகம் தூக்கலாம் என்பதை ஏற்பாட்டுக் குழுவே தீர்மானித்து அச்சிட்டது. அதனால்தான் அந்தப் படங்களில் அட்டைகள் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. அந்த ஒழுங்குக்குப் பின்னால் இருந்தவரின் பெயர் அந்த எழுத்துக்குச் சேர்வது நியாயம்.

கேரி என்பது பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய கேரி சாப்மன் கேட். 1915-ல் நியூயார்க்கில் நடந்த ஊர்வலப் பதாகை அதன் மூலம். ரூபென் சலசார் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையாளர், 1970 ஆகஸ்ட் 29 அன்று மெக்சிக அமெரிக்கர்கள் நடத்திய வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் செய்தி சேகரிக்கப் போனவர். ஷெரிஃப் படைக்காரர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். மார்ஷா பி. ஜான்சன் பெயரிலான எழுத்து ஸ்டோன்வால் விடுதியின் பழைய பெயர்ப்பலகையிலிருந்து வந்தது. டு பாய்ஸ் 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த அறுபதோ என்னவோ வரைபடங்கள் இருக்கின்றன. கறுப்பர்களின் நிலம், படிப்பு, தொழில் பற்றிய கணக்குகளை வண்ண வண்ணமாகக் காட்டியவை. அவற்றின் எழுத்தும் இப்போது எழுத்துருவாகக் கிடைக்கிறது. அந்த வரைபடங்களைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், புள்ளிவிவரம் இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

எழுத்து வடிவத்துக்கு எங்கே ஐயா அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. 1923-ல் ருடால்ஃப் கோக் என்ற ஜெர்மானியர் 'நாய்லாண்ட்' என்று ஓர் எழுத்து வெட்டினார். முரட்டுத்தனமான, உளியால் செதுக்கியது போன்ற எழுத்து. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஆப்பிரிக்கா, காடு, சஃபாரி, கறுப்பின எழுத்தாளரின் நாவல் என்று வந்தாலே பல பதிப்பகங்களும் விளம்பரக்காரர்களும் அதைத்தான் தேடி எடுத்தார்கள். படிக்கும் முன்பே 'இது காட்டுமிராண்டி ஆட்களின் விஷயம்' என்று எழுத்து சொல்லிவிடும். சீன உணவகம் என்றால் தூரிகையால் கிறுக்கியது போன்ற ஆங்கில எழுத்து வருவதும் இதே கதைதான். வாய்விட்டுச் சொன்னால் கண்டனம் வந்திருக்கும். எழுத்து வழியாகச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. சீல்ஸின் எழுத்துருக்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். கறுப்பின மக்கள் தாங்களே தெரிந்தெடுத்துத் தெருவில் காட்டிய எழுத்து எப்படி இருந்தது பாருங்கள், முதுகு நிமிர்ந்து நிற்கிறது.

எழுத்துக்கு அரசியல் உண்டு என்பது அரசாங்கங்களுக்கு நன்றாகவே தெரியும். ஜெர்மானியப் பெருமை என்று நாஜிகள் கொண்டாடிய பழைய ஃப்ராக்டூர் எழுத்தை 1941 ஜனவரி 3 அன்று மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கையில் யூத எழுத்து என்று முத்திரை குத்தித் தடை செய்தார். கைப்பற்றிய நாடுகளில் அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லை என்பது நடைமுறைக் காரணம். பழியை யூதர்கள்மேல் போட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ணை, லை, ளை, னையை நேராக்கினார், ணா, றா, னாவைப் பிரித்து எழுதினார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு அதை ஏற்றுக்கொண்டது. அதுவரை 43 வருடம் ஒரு பத்திரிகையை எந்த எழுத்தில் அச்சிடுகிறீர்கள் என்பதே நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொன்னது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த வரியும் அந்த வாதத்தில் ஜெயித்த பக்கத்தின் எழுத்தில்தான் இருக்கிறது.

எழுத்தை வைத்து அரசியல் பேசிய கலைஞர்கள் என்றால் பார்பரா க்ரூகர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'மேட்மொசெல்' என்ற பெண்கள் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளராக இருந்து கலைஞரானவர். கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் சிவப்புப் பட்டை, அதில் வெள்ளையில் சாய்ந்த தடித்த ஃப்யூச்சுரா எழுத்து. விளம்பரத்தின் குரலை எடுத்து விளம்பரத்தையே விசாரித்தார். உன் உடல் ஒரு போர்க்களம் என்று 1989-ல் கருக்கலைப்பு உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்காக அவர் செய்த போஸ்டர் இன்றைக்கும் ஊர்வலங்களில் வருகிறது. அவருடைய அதே சிவப்பையும் அதே எழுத்தையும் எடுத்து 1994-ல் 'சுப்ரீம்' என்கிற உடை நிறுவனம் சின்னமாக்கிக்கொண்டது. க்ரூகர் வழக்குப் போடவில்லை. ஆனால் 2013-ல் தன் சின்னத்தைக் கேலி செய்த இன்னொரு சிறு நிறுவனத்தின்மேல் சுப்ரீம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. எதிர்ப்பின் தோற்றத்தை எவ்வளவு சுலபமாகக் கடையில் மாட்டி விற்றுவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே ஆபத்து மார்ட்டினுக்கும் உண்டு. நாளைக்கு ஒரு காலணி கம்பெனி, தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்காத கம்பெனி, அந்த எழுத்தில் தன் விளம்பரத்தைப் போடலாம். உரிமம் வாங்கினால் யாரும் தடுக்க முடியாது. இந்தச் சங்கடம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் க்ரூகர் விஷயத்தில் நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. அங்கே எடுத்துக்கொண்டவர்கள் பெயரைக் கழற்றிவிட்டு எடுத்தார்கள். இங்கே எழுத்தைத் தொட்டாலே பெயரும் வருகிறது. இளம் வடிவமைப்பாளர் ஒருவர் பட்டியலில் 'பேயார்ட்' என்று பார்த்து, யார் இவர் என்று தேடினால் போதும், சீல்ஸ் நினைத்தது நடந்துவிட்டது. மேலும், உரிமத் தொகையில் ஒரு கறுப்பின வடிவமைப்பாளர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். ஷெரில் மில்லர் 1987-ல் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான். போராட்டத்தின் நினைவைக் காப்பவர் இலவசமாகத்தான் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்டு கொல்லப்பட்ட பிறகு நியூவார்க் நகரத் தெருக்களில் வெள்ளை மேலாதிக்கத்தை ஒழிக்கச் சொல்லி ராட்சத எழுத்துகளைத் தீட்டினார்கள். எழுத்து அமைப்பு சீல்ஸினுடையது. அதே ஆண்டு ஜூனில் வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்குப் போகும் தெருவில் 35 அடி உயர மஞ்சள் எழுத்துகளில் 'கறுப்பர் உயிர்களும் முக்கியம்' என்று நகர நிர்வாகமே தீட்டியது. 2025 மார்ச்சில் மத்திய அரசுத் தரப்பு நெருக்கடியில் அதே நிர்வாகம் இயந்திரம் வைத்து அதைப் பெயர்த்தெடுத்தது. அடுத்த மாதம் மெம்ஃபிஸில் கிளேபார்ன் டெம்பிள் தீப்பிடித்துச் சிதைந்தது. 'ஐ ஆம் எ மேன்' அட்டைகள் பிறந்த அதே கட்டடம், பல ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அசல் அட்டைகளில் தப்பியவை சில அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஓவியர் க்ளென் லைகன் 1988-ல் அந்த அட்டையை வைத்து ஓர் ஓவியம் தீட்டினார், அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தெருவைப் பெயர்த்துவிடலாம், கட்டடம் எரிந்துபோகும். ஆயிரக்கணக்கான கணினிகளில் ஏறிவிட்ட ஒரு ஃபான்ட் கோப்பை அப்படி எதுவும் செய்துவிட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சீல்ஸ் தேர்ந்தெடுத்த வடிவம் சரியானது என்று நினைக்கிறேன்.

மெம்ஃபிஸ் கதையைப் படித்துவிட்டு நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து. பெரும்பாலோர் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தப் பதின்மூன்று நாளில் அங்கே எழுதிக் கட்டிய பதாகைகள், பிடித்த அட்டைகள், கையெழுத்துகள் எல்லாம் என்ன ஆயின? யாராவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? படமாவது எடுத்தீர்களா?

தமிழில் எழுத்துரு வரைகிற இளைஞர்கள் இப்போது நன்றாக வேலை செய்கிறார்கள், அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்களிடம் கேட்கிறேன். திருமண அழைப்பிதழுக்கும் சினிமாத் தலைப்புக்கும் எழுத்து வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு ஒரே ஒரு எழுத்துருவை இந்தப் பெண்களின் அட்டையிலிருந்து எடுத்து வரையுங்கள். தமிழுக்கு 247 எழுத்து, அட்டையில் இருபதோ முப்பதோதான் கிடைக்கும், மிச்சத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் என்ன வைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். அந்தப் போராட்டத்தின் படங்கள் யாரிடம் இருந்தாலும், செல்போனில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை, அழித்துவிடாமல் இவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.